துப்பாக்கியும் பேரேடும்

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன மாவட்டத்தில் நின்றுகொண்டு துப்பாக்கியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். நியாயம்தான். நம் பக்கம் பகை முற்றினால் கை அரிவாளைத்தான் தேடும். மிஞ்சிப்போனால் நாட்டு வெடிகுண்டு. துப்பாக்கிச் சூடு என்பது நமக்குச் செய்தித்தாளின் உள்பக்கத்தில் வருகிற சமாசாரம்: பீகாரில், மணிப்பூரில், மெக்சிகோவில், சூடானில் நடப்பது. கள்ளத் துப்பாக்கியைத் தடுக்க நாடுகள் ஒன்றுக்கொன்று எப்படி ஒத்துழைக்கின்றன என்ற விஷயத்துக்கும் காரைக்குடிக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு சம்பந்தம் உண்டு. கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று இந்த ஊர்ப் பெரியவர்கள் கடை வைத்த துறைமுகங்களை ஒரு கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் வங்காள விரிகுடாவைச் சுற்றிக் கள்ள ஆயுதம் போய்வந்த வழியும் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே கிடக்கிறது. இது முதல் சம்பந்தம். அந்தக் கடைகளில் நம்மவர்கள் தவறாமல் கடைப்பிடித்த ஒரு வழக்கம் உலக ஆயுத வியாபாரத்தில் இன்றுவரை வேரூன்றவில்லை. இது இரண்டாவது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

ஒரு ஆள் தனியாகத் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய ஆயுதமெல்லாம் சிற்றாயுதம். ரிவால்வர், பிஸ்டல், ரைஃபிள், சின்ன ரக இயந்திரத் துப்பாக்கி. இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டியதை இலகு ஆயுதம் என்கிறார்கள். ஐ.நா. நிபுணர் குழு 1997இல் வகுத்த பிரிவினை இது. ஜெனீவாவில் இருக்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் 100 கோடிக்கும் அதிகமான துப்பாக்கிகள் இருக்கின்றன. அவற்றில் 85 விழுக்காடு ராணுவத்திடமோ போலீசிடமோ இல்லை, பொதுமக்களிடம் இருக்கிறது. இந்தியாவில் பொதுமக்கள் கையில் 7 கோடிக்கு மேல் என்றும், அதில் பதிவானது ஒரு கோடிகூட இல்லை என்றும் அதே கணக்கு சொல்கிறது. வீடு வீடாகப் போய் யாரும் எண்ணவில்லை; ஊகக் கணக்குதான். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் தூக்கம் வராது.

அணுகுண்டைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. ஆனால் போர்களில் ஏராளமானவர்கள் செத்தது இந்தச் சின்ன ஆயுதங்களால்தான். இன்னொரு விஷயம். பீகாரில் முங்கேர் பக்கம் பட்டறைகளில் அடிக்கிற நாட்டுத் துப்பாக்கியை விட்டுவிடுங்கள். அது பிறக்கும்போதே கள்ளத் துப்பாக்கி. அங்கே தொழில் நவாப் மீர் காசிம் காலத்திலிருந்து நடக்கிறது, ஐ.நா. தீர்மானத்தால் அந்தப் பட்டறை மூடப்படாது, நம் போலீஸ்தான் மூட வேண்டும். மற்ற துப்பாக்கிகள் எல்லாம் ஒரு தொழிற்சாலையில், எண் பொறிக்கப்பட்டு, பில் போட்டு, அரசு அனுமதியோடு வெளியே வந்தவை. எங்கோ ஒரு இடத்தில் அது கைநழுவுகிறது. எங்கே நழுவுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் சர்வதேச ஒத்துழைப்பின் முழு வேலையும்.

ஆயுதத்தைக் கட்டுப்படுத்துவது என்றாலே நம்மைப் போன்ற நாடுகளுக்கு ஒரு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்துக்கு இந்தச் சீமையே சாட்சி. 1801 அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோயில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விழுந்தது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார்: பாளையங்களில் இனி யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகளை இடித்துவிட வேண்டும். துப்பாக்கி மட்டுமல்ல, வேலும் வளரியும் சேர்ந்து போயின. வளரி வீசவும் ஈட்டி எறியவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி பிற்பாடு தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். அதே வெல்ஷ்தான் 1801இல் இந்தச் சீமையின்மேல் படையெடுத்து வந்தவர்களில் ஒருவர். அடுத்த பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். இந்த ஊர்க் கடைகள் பினாங்கில் பெருகியதெல்லாம் அதற்கு வெகு காலம் கழித்து.

இந்த ஆயுதப் பறிப்பு அமைதிக்காக நடந்தது என்று கம்பெனி எழுதிக்கொண்டது. என் அபிப்பிராயத்தில் அது ஆயுதக் கட்டுப்பாடே அல்ல. ஒருவன் கையிலிருந்ததைப் பிடுங்கித் தன் கையில் மட்டும் வைத்துக்கொள்வதற்கு வேறு பெயர் உண்டு. 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டமும் அதே ரகம்: இந்தியருக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. 1890இல் பிரசெல்ஸ் மாநாட்டில் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கு நவீன துப்பாக்கி போகக் கூடாது என்று உடன்படிக்கை போட்டன. சிற்றாயுதம் பற்றிய முதல் பெரிய சர்வதேச உடன்படிக்கை அதுதான். அடிமை வியாபாரத்தை ஒழிப்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் காரணத்தில் உண்மையும் இருந்தது. ஆனால் கண்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் அதில் கையெழுத்திட்டார்கள்.

அந்தக் காலத்திலேயே ஒத்துழைப்பு எங்கே முறியும் என்பதும் தெரிந்துவிட்டது. ஐரோப்பாவில் செய்த ரைஃபிள்கள் மஸ்கட்டில் வந்து இறங்கி, மக்ரான் கடற்கரை வழியாக ஆப்கன் எல்லைக்குப் போய், பிரிட்டிஷ் சிப்பாய்களையே சுட்டன. பிரிட்டன் தடுக்கப் பார்த்தது. பழைய ஒப்பந்தத்தைக் காட்டி, மஸ்கட்டில் வியாபாரம் செய்வது எங்கள் உரிமை என்று பிரான்ஸ் மறுத்தது. வளைகுடாவில் போர்க்கப்பல்களை நிறுத்தி ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். 1914இல்தான் இரண்டு நாடுகளும் சமாதானத்துக்கு வந்தன. நம் பக்கமும் அதே கதைதான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டது பெல்ஜியத்துப் பிரவுனிங் பிஸ்டலால். அவர் சுடப் பழகியதாகச் சொல்லப்படும் புதுச்சேரி பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. பிரிட்டிஷ் போலீசுக்கு அங்கே அதிகாரமில்லை. வாஞ்சியை நாம் தியாகி என்கிறோம், அன்றைய அரசு கொலைகாரன் என்றது. பிஸ்டல் வந்த வழி மட்டும் இரண்டு தரப்புக்கும் பொது.

இனி சமீப காலத்துக்கு வருகிறேன்.

1995 டிசம்பர் 17 இரவு. மேற்கு வங்காளத்தில் புருலியா மாவட்டக் கிராமங்களின் மேல் ஒரு அந்தோனோவ் விமானம் தாழப் பறந்து பாராசூட்டில் பெட்டிகளைப் போட்டுவிட்டுப் போனது. விடிந்ததும் ஜனங்கள் பார்த்தால் வயல்வெளியெல்லாம் ஏ.கே. ரைஃபிளும் தோட்டாவும். லாத்வியாவில் வாங்கிய விமானம். பல்கேரியாவின் புர்காஸில் சரக்கு ஏற்றியது. கராச்சி, வாரணாசி வழியாக வந்தது. போட்டுவிட்டுத் தாய்லாந்தின் புக்கெட்டுக்குப் போனது. நாலு நாள் கழித்துத் திரும்பும்போது எங்கே இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டது தெரியுமா? நம் சென்னை மீனம்பாக்கத்தில். அங்கிருந்து கராச்சிக்குக் கிளம்பியதைத்தான் விமானப்படை மறித்துப் பம்பாயில் இறக்கியது. விமானத்தில் இருந்தவர்களில் ஒரு பிரிட்டிஷ் ஆயுதத் தரகரும் ஐந்து லாத்வியப் பணியாளர்களும் பிடிபட்டார்கள். சூத்திரதாரி என்று சொல்லப்படும் டென்மார்க்காரர் கிம் டேவி, விமான நிலையத்திலிருந்தே மாயமானார்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, தகவல் முன்கூட்டியே வந்திருந்தது. அந்தப் பிரிட்டிஷ் தரகரே தன் நாட்டு அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார். அவர்கள் டெல்லிக்குச் சொன்னார்கள். டெல்லியிலிருந்து மாநிலத்துக்குக் கடிதம் பதிவுத் தபாலில் போனதாகவும், அது போய்ச் சேர்வதற்குள் ஆயுதம் ஆகாயத்திலிருந்து வந்து சேர்ந்துவிட்டதாகவும் அப்போதே பத்திரிகைகள் எழுதின. நாடு விட்டு நாடு தகவல் ஒழுங்காக வந்திருக்கிறது. நம் வீட்டுக்குள்தான் தங்கிப்போனது. சர்வதேச ஒத்துழைப்பு என்றால் வெளியுறவு மந்திரிகள் கைகுலுக்குவது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது, சரக்கை பல்கேரியாவிலிருந்து வெளியே எடுக்கக் காட்டிய காகிதம். ஆயுதம் விற்கும் நாடு, அதை யார் பயன்படுத்தப் போகிறார் என்று வாங்கும் நாட்டு அரசிடம் கையெழுத்திட்ட சான்று கேட்கும். இறுதிப் பயனாளர் சான்று என்பார்கள். புருலியா சரக்குக்குக் காட்டப்பட்ட சான்று வங்கதேசத்தின் பெயரில் இருந்தது. அது போலி.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1994இல், உக்ரைனிலிருந்து 60 டன் வெடிமருந்து கப்பலில் கிளம்பி விடுதலைப் புலிகளிடம் போய்ச் சேர்ந்தது. 50 டன் டி.என்.டி., 10 டன் ஆர்.டி.எக்ஸ். அது துப்பாக்கி அல்ல என்பது சரி. ஆனால் வழி அதே வழி, தந்திரம் அதே தந்திரம். அந்தச் சரக்குக்கும் காட்டிய சான்று வங்கதேசப் பாதுகாப்பு அமைச்சகத்தின் பெயரில்தான். அதுவும் போலி. ஒரே நாட்டின் பெயரில் பொய்க் கையெழுத்துப் போட்டு, அடுத்தடுத்த வருஷங்களில், இரண்டு வேறு நாடுகளிலிருந்து, இரண்டு வேறு கூட்டத்தார் சரக்கு எடுத்திருக்கிறார்கள். டாக்காவுக்கு ஒரே ஒரு கடிதம் எழுதி, 'இது உங்கள் கையெழுத்தா?' என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தால் இரண்டும் நின்றிருக்கும். யாரும் கேட்கவில்லை. விற்பவனுக்குக் காகிதம் இருந்தால் போதும். காகிதம் மெய்யா பொய்யா என்பது அவன் கவலை இல்லை.

இங்கேதான் நம் ஊர்க் கடை ஞாபகம் வருகிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை; பின்வரிசையில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ரங்கூனில் ஒரு கடை. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அங்கே அவருக்காக மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். மூன்று வருஷக் கணக்கு. இங்கே ஒருவர் உண்டியல் எழுதிக் கொடுத்தால் அங்கே பணம் கிடைக்கும். தந்தியும் டெலிபோனும் சரியாக இல்லாத காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாதவனிடம் ஒரு துண்டுச் சீட்டை நம்பி ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்தார்கள். எப்படி? உண்டியல் ஒரு வழியில் போகும்; அதைப் பற்றிய தகவல் கடிதம் தனியாக வேறு வழியில் போகும். இரண்டும் பொருந்தினால்தான் பெட்டி திறக்கும். ஒவ்வொரு கடைக்கும் அதன் விலாசம், அதாவது வம்சத்தாரின் முதலெழுத்துக்கள். அதைப் பார்த்தாலே யார் கடை, யார் பொறுப்பு என்று தெரியும். பேரேடு, கடைசியில் ஐந்தொகை. அதன் நகல் ஊருக்கு வந்துவிடும். சந்தேகம் வந்தால் எந்த வருஷத்து எந்தப் பக்கம் என்று புரட்டிப் பார்க்கலாம். அந்தக் கடைகளின் வட்டியைப் பற்றி பர்மிய விவசாயிகளுக்கு வேறு கருத்து உண்டு, அது இருக்கட்டும். கணக்கு வைக்கத் தெரிந்தவர்கள் என்பதை யாரும் மறுத்ததில்லை.

2005 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட தடமறியும் ஏற்பாட்டைப் படித்தால் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறது. தயாரிக்கும்போதே ஒவ்வொரு துப்பாக்கியிலும் அழியாத எண் பொறிக்க வேண்டும்: எந்த நாடு, எந்தத் தொழிற்சாலை, எத்தனையாவது. தயாரிப்புப் பதிவேட்டைக் குறைந்தது 30 வருஷம் வைத்திருக்க வேண்டும், ஏற்றுமதி இறக்குமதி உள்ளிட்ட மற்றப் பதிவுகளை 20 வருஷம். பிடிபட்ட துப்பாக்கியின் எண்ணை அனுப்பி இன்னொரு நாடு விசாரித்தால் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். ஆனால் இது சட்டப்படி கட்டுப்படுத்தாது. அரசியல் வாக்குறுதி மட்டும். தோட்டாவும் இதில் இல்லை. தோட்டா இல்லாத துப்பாக்கி இரும்புத் தடி. தோட்டாவைச் சேர்க்கலாமா என்று 2001இலிருந்து ஒவ்வொரு மாநாட்டிலும் சண்டை. அந்த வருஷம் ஜூலையில் நியூயார்க்கில் நிறைவேறிய சிற்றாயுதச் செயல்திட்டத்திலிருந்தே அமெரிக்கா பொதுமக்களின் துப்பாக்கி பக்கம் கை வைக்கவிடவில்லை.

நம் கடற்கரைக்கு வருகிறேன். 2013 அக்டோபர் 12 அன்று கடலோரக் காவல் படை ஒரு கப்பலை மறித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. பெயர் சீமேன் கார்டு ஓகியோ. உள்ளே 35 பேர், 35 ரைஃபிள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டா. கொடி சியரா லியோனுடையது. நிறுவனம் அமெரிக்காவுடையது. ஆட்கள் எஸ்தோனியர், பிரிட்டிஷார், உக்ரைனியர், இந்தியர். சோமாலியக் கடற்கொள்ளையர் பயத்தில் சரக்குக் கப்பல்கள் துப்பாக்கிக் காவலரை அமர்த்திக்கொண்ட காலம் அது. துறைமுகத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோக எந்த நாடும் லேசில் விடாது. அதனால் நடுக்கடலில் ஒரு கப்பலையே ஆயுதக் கிடங்காக நிறுத்திக்கொண்டார்கள். கடலில் மிதக்கிற கிட்டங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பேரேடு யாரிடம் என்று கேட்டால் பதில் இல்லை.

தமிழகப் போலீசின் கியூ பிரிவு வழக்குப் போட்டது. புயலுக்கும் எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் ஒதுங்கினோம், கடற்கொள்ளையரைத் தடுக்கிறவர்கள் நாங்கள், எங்களைப் பிடிக்கலாமா என்பது அவர்கள் வாதம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014இல் ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டுகளை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2015இல் அந்த ரத்தை ரத்து செய்து விசாரிக்கச் சொன்னது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் 5 வருஷம் கொடுத்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை அத்தனை பேரையும் விடுதலை செய்தது. நாலு வருஷம். எந்தத் தரப்பைக் குற்றம் சொல்வது? இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் இத்தாலியக் கப்பல் என்ரிகா லெக்ஸியிலிருந்து சுட்டதில் கேரளக் கடலில் இரண்டு மீனவர் செத்திருந்தார்கள், ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அந்தக் காயம் ஆறாத நேரத்தில், நம் கடலில் துப்பாக்கி நிறைந்த கப்பல் நின்றால் போலீஸ் சும்மா விடாது, விடவும் கூடாது. அதே நேரம் அந்த ஆட்களில் பலர் மாதச் சம்பளத்துக்கு வந்த முன்னாள் சிப்பாய்கள். கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு, துப்பாக்கி பிடித்தவன் ஒரு நாடு, கடல் ஒரு நாடு என்றிருந்தால் கணக்குக் காட்ட வேண்டியவர் யார் என்று முன்கூட்டியே எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. அதன் பாரத்தைச் சிறையில் கிடந்தவர்கள் சுமந்தார்கள்.

கடல் வழி இன்னும் அடைபடவில்லை. 2021 மார்ச்சில் மினிக்காய் அருகே பிடிபட்ட இலங்கை மீன்பிடிப் படகில் 300 கிலோ ஹெராயினோடு 5 ஏ.கே.47உம் 1,000 தோட்டாவும் இருந்தன. போதைப்பொருள் போகிற பாதையில் துப்பாக்கியும் கூடவே போகும்.

பிறரைக் குற்றம் சொல்லிக்கொண்டே போனால் சபை சந்தோஷமாக இருக்கும். ஆனால் 1980களை விட்டுவிட்டுப் போக முடியாது. 1983க்குப் பிறகு இலங்கைத் தமிழ் இயக்கங்களுக்கு இந்திய அரசே பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. கறுப்பு ஜூலையைக் கண்ட தமிழகத்தில் அதை எதிர்த்தவர்கள் குறைவு. 1986 நவம்பரில், தீபாவளி அன்று சூளைமேட்டில் இயக்கத்துக்காரர்கள் சுட்டு ஒருவர் செத்தார். அடுத்த சில நாளில் தமிழகப் போலீஸ் இயக்கங்களின் முகாம்களில் புகுந்து ஆயுதங்களைக் கைப்பற்றியது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம், சண்டை நின்ற 72 மணி நேரத்துக்குள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றது. ஆகஸ்டு 5 அன்று பலாலியில் ஒப்படைப்புச் சடங்கு நடந்தது. சடங்கு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அக்டோபருக்குள், இலங்கைக்குப் போன இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். இந்தியப் படையை வெளியேற்ற இலங்கையின் பிரேமதாசா அரசு புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது. இந்தியா தன் பங்குக்குத் தமிழ் தேசிய ராணுவம் என்று ஒன்றை ஆயுதம் கொடுத்து நிறுத்தியது. அது உடைந்தபோது அந்த ஆயுதங்களும் புலிகள் கைக்குப் போயின. கொழும்பு கொடுத்தது, டெல்லி கொடுத்தது, இரண்டும் ஒரே கிடங்கில். 1990 ஜூன் 19 அன்று கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் ஏ.கே. ரைஃபிளால் கொல்லப்பட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று இந்த மேடையில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அரசு கொடுத்த துப்பாக்கிக்கும் பேரேடு வேண்டும் என்பது மட்டும் என் கட்சி. எத்தனை கொடுத்தோம், எந்த எண், எத்தனை திரும்பி வந்தது என்று டெல்லியும் சொல்லவில்லை, கொழும்பும் சொல்லவில்லை.

பர்மாப் பக்கம் ஒரு வார்த்தை. 1962இல் நெ வின் ஆட்சிக்கு வந்து கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கியபோது கையை உதறிக்கொண்டு வந்தவர்களின் பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அப்படி வந்த தமிழர்களில் சிலர் தரைவழியே பர்மாவுக்குத் திரும்ப முயன்று, முடியாமல், எல்லையில் மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. அந்த மோரேதான் தென்கிழக்காசியக் கள்ளச் சரக்கு இந்தியாவுக்குள் வரும் வாசல்களில் ஒன்று. 2023 மே மாதக் கலவரத்துக்குப் பின் மணிப்பூரில் போலீஸ் கிடங்குகளிலிருந்து சுமார் 6,000 துப்பாக்கிகள் கொள்ளை போயின. அதைத் திருப்பித் தரச் சொல்லி அரசு கெடு வைத்தும் கெஞ்சியும் பார்த்தது. ஒரு பகுதிதான் திரும்பியது. கொள்ளை போனவை எல்லாம் நம் அரசின் முத்திரை குத்திய துப்பாக்கிகள். எல்லையை மூடினாலும் உள்ளேயே ஊற்று.

2013 ஏப்ரல் 2 அன்று ஐ.நா.வில் ஆயுத வர்த்தக ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. 154 நாடுகள் ஆதரித்தன. ஈரான், வடகொரியா, சிரியா எதிர்த்தன. 23 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. ஒதுங்கியவற்றில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள்: இந்தியா, இலங்கை, மியன்மார். நம் ஊர்க்காரர்கள் கடை வைத்த கரையில் பெரும்பகுதி ஒதுங்கி நின்றது. விற்பவனுக்குச் சாதகமாக இருக்கிறது, பயங்கரவாதக் குழுக்களுக்கு ஆயுதம் போவதைத் தடுப்பதில் வலுவில்லை, வாங்குகிற நாட்டை விற்பவன் தன் இஷ்டத்துக்கு மடக்க இடம் கொடுக்கிறது என்பது இந்தியாவின் வாதம். 1801ஐயும் 1878ஐயும் படித்தவன் இந்த வாதத்தைத் தள்ளிவிட மாட்டான். வல்லரசுகளின் நடத்தையும் நம்பிக்கை தருவதாக இல்லை. கையெழுத்திட்ட அமெரிக்கா 2019இல் விலகுவதாக அறிவித்தது. ஒதுங்கிய சீனா 2020இல் சேர்ந்துகொண்டது.

ஆனாலும் அந்த வாதத்துக்கு வயதாகிவிட்டது என்று நினைக்கிறேன். அது வாங்குகிறவனின் வாதம். 2023-24இல் நம் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 21,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. நம் பக்கத்துத் திருச்சியில் 1966இலிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. நவல்பட்டுக்கு வேலைக்குப் போகிற பையன்களை உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே செய்த ரைஃபிள் நாளைக்கு ஏதோ ஒரு நாட்டுக்கு விற்பனையாகும்போது, காட்டப்படும் சான்று மெய்யா என்று நாம் அந்த நாட்டுக்கு எழுதிக் கேட்போமா, புர்காஸில் செய்ததுபோலக் காகிதத்தை வாங்கிக் கோப்பில் போட்டுவிடுவோமா? ஒப்பந்தத்தில் சேர்வதும் சேராததும் டெல்லியின் முடிவு. சேராவிட்டாலும், ஒவ்வொரு சான்றையும் நம் தூதரகம் நேரில் சரிபார்க்காமல் ஒரு துப்பாக்கியும் கப்பலேறாது என்று நாமே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஐ.நா. வாக்கெடுப்பு தேவையில்லை.

ஆட்களைப் பிடித்துத் தருவதிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. புருலியா வழக்கின் கிம் டேவியை அனுப்ப டென்மார்க் அரசு 2010இல் சம்மதித்தது. இந்தியச் சிறையில் கொடுமை நடக்கும் என்று அந்நாட்டு நீதிமன்றம் 2011இல் தடுத்தது. மறுபடி கேட்டபோது 2024 ஆகஸ்டில் இன்னொரு நீதிமன்றம் மறுத்தது. நமக்குக் கோபம் வரும். ஆனால் காவல் நிலையச் சாவுகளைப் பற்றி நம் பத்திரிகைகளே எழுதுகிற நாட்டில், அந்த நீதிபதிகளுக்கு ஆதாரம் கிடைப்பது கஷ்டமில்லை. தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் நடந்த காவல் சாவுகளை நாம் மறந்திருக்கலாம், உலகம் மறக்கவில்லை. நம் லாக்கப் ஒழுங்காக இருந்தால் நம் வழக்கும் வெளியே ஜெயிக்கும்.

கடைசியாக இந்த ஊர்க் காரியம் ஒன்று. செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் திறந்து, பங்காளிகள் கூடிப் பிரித்து, சாமான்களை விற்கிறார்கள். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போனால் பர்மாத் தேக்குப் பெட்டியிலிருந்து பெல்ஜியம் கண்ணாடிவரை எல்லாம் இருக்கிறது. சில வீடுகளின் பரணில் தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கும். உரிமம் வைத்திருந்தவர் காலமாகி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். பழம்பொருள்தானே என்று பெட்டிச் சாமானோடு சேர்த்துத் தரகரிடம் கொடுத்துவிடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாது என்கிற நிலையில் இருந்தால்தான். சுடக்கூடியது என்றால் அது துப்பாக்கிதான். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு வைத்துக்கொள்ள விரும்பினால் கலெக்டர் ஆபீசில் புது உரிமத்துக்கு மனுப் போடலாம். எதைச் செய்தாலும் துப்பாக்கியின் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஒப்படைத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள், அதைப் பாகப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அந்த எண்ணை இன்னும் இருபது வருஷம் கழித்து வேறு ஊர்ப் போலீஸ் வந்து கேட்கலாம்.